அந்த அட்டையைக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி
மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக் கடை உரிமையாளர்களே, பார்மசிஸ்ட்டுகளே, கவுன்ட்டரில் நின்று அட்டை எண்ணிக் கொடுக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உணவுக்குழாய்ப் புற்றுநோயையும் இரைப்பைப் புற்றுநோயையும் பற்றி எழுத நினைப்பவர் டாக்டர்களுக்குத்தான் எழுதுவார். நான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த ஊரில் வயிறு சரியில்லை என்றால் மனிதர் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். "சார், கேஸ் ட்ரபுள்." "நெஞ்சு கரிக்குது, ஏதாவது குடுங்க." "சாப்பிட்டா மேலேயே நிக்கிற மாதிரி இருக்கு." கச்சேரி சாலையிலும் உஸ்மான் சாலையிலும் எல்.பி. சாலையிலும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் உங்கள் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றாலே இந்த வார்த்தைகள் காதில் விழும். டாக்டரின் காதுக்குப் போய்ச் சேர இதற்குப் பல மாதம் ஆகும். சிலருடைய விஷயத்தில் அந்த மாதங்கள்தாம் உயிர்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒரு பேன்டபிரசோல் அட்டை, அல்லது அதையே டோம்பெரிடோனுடன் சேர்த்த அட்டை, கூடவே ஒரு ஜெலுசில் பாட்டில். "காலையில வெறும் வயித்துல போடுங்க சார்." அவருக்கு இரண்டு நாளில் எரிச்சல் அடங்குகிறது. அடுத்த வாரம் மறுபடி வருகிறார். மாதம் இரண்டு அட்டை வாடிக்கையாகிறது. பிறகு அவர் பெயர் சொல்லி எதையும் கேட்பதுகூட இல்லை. வாசலில் முகம் தெரிந்ததும் உங்கள் கை தானாக அந்த அலமாரிக்குப் போகிறது.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அமிலத்தை அடக்கும் இந்த மாத்திரைகள் நல்ல மருந்துகள். அல்சரில் ரத்தம் கொட்டிச் செத்துக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றிய மருந்துகள் இவை. எனக்கு அவற்றின்மேல் வருத்தம் இல்லை. ஆனால் இரைப்பைச் சுவரில் ஆரம்பிக்கும் புற்றுப்புண்ணும் தொடக்கத்தில் சாதாரண அல்சர் போலத்தான் எரியும், வலிக்கும், சாப்பிட்டதும் கனக்கும். அமிலம் குறைந்தால் அந்த எரிச்சலும் குறையும். சில சமயம் புண்ணின் மேற்பரப்பே ஆறுவதுபோலத் தோன்றும். பால் பொங்கும்போது தண்ணீர் தெளித்தால் அடங்கும், கீழே அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆறு மாதம், எட்டு மாதம் மாத்திரை போட்டுவிட்டு மனிதர் நிம்மதியாக இருப்பார், அடியில் நோய் தசைக்குள் இறங்கி நிணநீர் முடிச்சுகளைத் தொட்டிருக்கும். "இந்த மருந்தால் அறிகுறி குறைந்தாலும் இரைப்பைப் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது" என்ற பொருளில் இந்த மருந்துகளின் தகவல் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. பேன்டபிரசோல் அட்டையின் பின்புறம், மருத்துவர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் அதை ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஒமிப்ரசோலைச் சீட்டில்லாமலே வாங்கலாம். அங்கும் அந்தப் பெட்டியின்மேல், டாக்டரைக் கேட்காமல் 14 நாளுக்கு மேல் சாப்பிடாதே என்று போட்டிருக்கிறார்கள். நம்மிடம் சீட்டும் இல்லை, 14 நாள் கணக்கும் இல்லை.

என் பெரிய அண்ணன் மந்தைவெளியில் இருந்தார். அவர் மாத்திரை வாங்கிய கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். மழையில் வீட்டுக்கே மருந்து கொடுத்தனுப்பியவர். அண்ணன் முறுகல் தோசைப் பிரியர். ஒரு கட்டத்தில் தோசை வேண்டாம், இட்லி போதும் என்றார். பிறகு இட்லியையும் சாம்பாரில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். பிறகு ரசம் சாதத்தைக் குழையக் கரைத்துக் குடித்தார். சப்பாத்தி என்றால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர். பல் செட் சரியில்லை என்று அவரே ஒரு காரணமும் சொல்லிவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டார். வாக்கிங் போவதால் உடம்பு இறங்கியிருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம் வேறு. இவ்வளவு காலமும் அந்தக் கடையிலிருந்து அட்டை வந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு தரம், "என்ன சார், ரொம்ப நாளா இதையே வாங்கறீங்க, விழுங்க முடியுதா?" என்று அந்தக் கவுன்ட்டரில் யாராவது கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் மறைப்பதை ஆண்கள் மருந்துக் கடையில் சொல்லிவிடுவார்கள். கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்தபோது குழாய் உள்ளே போகவே வழியில்லை. அவர் இப்போது இல்லை. எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் அந்தக் கோபத்தைவிட, அதே கவுன்ட்டரில் இன்றைக்கும் யாரோ நிற்கிறார் என்ற பதைப்பு எனக்குப் பெரிதாக இருக்கிறது.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, இழுத்தால் விரியும் குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் அது விரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். வழி பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் கெட்டி உணவு சிக்கும். முதலில் கறித்துண்டு, முறுக்கு, சப்பாத்தி. அப்புறம் சோறு. அப்புறம் கஞ்சி. கடைசியில் எச்சில்கூட இறங்காது. இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே ஒரு மெல்லிய உறை உண்டு, உணவுக்குழாய்க்கு அதுவும் கிடையாது. அதனால் கட்டி பக்கத்திலுள்ள உறுப்புகளுக்குச் சீக்கிரம் தாவிவிடும். ஆக, "விழுங்கறப்ப அடைக்குது" என்று ஒருவர் சொல்லும் நாளே தாமதமான நாள்தான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் மாத்திரை கொடுத்து அனுப்ப ஒரு நாள்கூட மிச்சமில்லை.

இரைப்பை இன்னும் மோசமாக ஏமாற்றும். நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார். இறைச்சியும் எண்ணெய்ப் பலகாரமும் பிடிக்காமல் போகும். காரணமில்லாமல் எடை குறையும். நேற்று சாப்பிட்டது இன்று வாந்தியில் வரும். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போகும். உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் பிறருக்குச் சொல்பவர்கள். ஆனால் ஐம்பது வயது ஆண் ஒருவர், "ரத்தம் கம்மியா இருக்காம், நல்ல டானிக் குடுங்க" என்று வந்து நின்றால் யோசியுங்கள். மாதவிடாய் இல்லாத உடம்பில் ரத்தம் எங்கே போகிறது? பாட்டிலை எடுப்பதற்கு முன் அந்தக் கேள்வி உங்கள் மனத்தில் வர வேண்டும்.

இவையெல்லாம் எங்கோ நடக்கும் அபூர்வ நோய்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்தி வருகிறது. அதில் ஆண்களின் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல ஆண்டுகள் முன்வரிசையிலேயே இருந்திருக்கிறது. மும்பையையும் டெல்லியையும்விட இங்கே அதன் விகிதம் கூடுதல். இது நம் ஊர் நோய்.

நம் ஊர் வரலாற்றையும் இது தொட்டிருக்கிறது. முதலமைச்சராக இருந்த அண்ணாவுக்கு வந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோய். 1968 செப்டம்பரில் நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தார், தமிழ்நாடு என்ற பெயர் மாற்றத்தைக் கண்ணால் பார்த்தார், 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அடையாறு மருத்துவமனையிலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 59. அவருடைய இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அத்தனை இலட்சம் பேர் அழுதார்கள். அவரைக் கொண்டுபோன நோய் எப்படித் தொடங்கும், எப்படித் தெரியும் என்று இன்றைக்கு எத்தனை வீட்டில் பேசுகிறோம்?

அண்ணாவின் காலத்தில் வளையும் எண்டோஸ்கோப் புதிது. இரைப்பையில் ஒரு கிருமி குடியிருக்கிறது என்பதே உலகத்துக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் ஹெலிகோபேக்டர் பைலோரியைக் கண்டுபிடித்து வளர்த்தார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து நோயை வரவழைத்துக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய்க்குக் காரணமான கிருமி என்று அறிவித்தது, 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்டவர்களின் இரைப்பையில் அது இருக்கிறது. பெரும்பாலானோருக்கு எதுவும் ஆவதில்லை. ஆனாலும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முறையான ஆன்டிபயாடிக் கோர்ஸ் கொடுத்து ஒழித்துவிட முடியும். இதில் உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு விஷயம் உண்டு. பேன்டபிரசோல் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கிருமிப் பரிசோதனை "இல்லை" என்று பொய் சொல்லக்கூடும். அதனால்தான் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நீங்கள் விடாமல் கொடுக்கும் அட்டை நோயாளியின் வலியை மறைப்பதோடு, டாக்டரின் சோதனையையும் ஏமாற்றிவிடுகிறது.

இந்த நோய்களுக்கு வழிவிடும் சிகரெட், பீடி, சாராயம், மாவா, ஹான்ஸ் இவற்றைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. உப்பில் ஊறிய கருவாடும் ஊறுகாயும் தினம் தட்டில் இருந்தால் இரைப்பைக்கு ஆகாது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாயைப் புண்ணாக்கிப் புற்றுக்கு வழிவிடக்கூடும் என்று அதே முகமை 2016இல் சொன்னது. டம்ளர் டவராவில் ஆற்றிக் குடிக்கும் மயிலாப்பூர்ப் பழக்கம் அந்த வகையில் நல்ல பழக்கம்.

இதே நோய் ஜப்பானில் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று கேளுங்கள். அங்கே பாதிக்கு மேல் இரைப்பைப் புற்றுநோய்கள் ஆரம்ப நிலையிலேயே, மேல் அடுக்குகளைத் தாண்டும் முன்னரே பிடிபடுகின்றன. பலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே சீவி எடுத்துவிடுகிறார்கள். அந்த நிலையில் பிடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்கிறார்கள். தென் கொரியாவில் 40 வயது ஆன எல்லோருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசே இரைப்பையைப் பார்க்கிறது. நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான் இடம். வயிற்றுக்கு எந்தத் திட்டமும் இல்லை. வீடு தேடி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. நோய் வெளியே தலைகாட்டும் முதல் இடம் உங்கள் கடை. உங்களைத் தாண்டிப் போனால் அடுத்த தடை மிகவும் தள்ளி, பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரெச்சரின் பக்கத்தில் இருக்கிறது.

நீங்கள் சொல்லப் போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "நாங்க டாக்டர் இல்லம்மா." சரிதான். யாரும் உங்களை நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. இது இனிமேல் மாத்திரையில் தீரக்கூடியதல்ல என்று சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. "கேள்வி கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க." சிலர் போகலாம். தள்ளுபடி விலையில் கைப்பேசிச் செயலி வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் இந்தக் காலத்தில் மக்கள் இன்னும் உங்கள் படியேறி வருகிறார்களே, ஏன்? நீங்கள் முகம் பார்த்துப் பேசுவதால்தான். கன்னம் ஒட்டியிருப்பது செயலிக்குத் தெரியாது. போன தீபாவளிக்குப் பார்த்தவர் பொங்கலுக்குள் பாதியாகிவிட்டார் என்பதும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுதான் உங்கள் கடையின் பலம். "கேன்சர்னு சொன்னா பயந்துடுவாங்கம்மா." அந்த வார்த்தையை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம். தினம் ஒரு வலி மாத்திரை போட்டு இரைப்பையில் புண்ணாக்கிக்கொண்டவர்களும், வெறும் அமில எதுக்களிப்பு உள்ளவர்களும் உங்களிடம் வருபவர்களில் நிறையப் பேர். "ஒரு ஸ்கோப் பாத்துட்டா நிம்மதியா மருந்து சாப்பிடலாம் சார்" என்றால் போதும்.

இதெல்லாம் நடக்காத கனவும் இல்லை. டி.பி. மருந்தும் உயர்வகை ஆன்டிபயாடிக்கும் விற்றால் ஹெச்1 பதிவேட்டில் நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எழுதி மூன்று ஆண்டு பத்திரமாக வைக்கும் வேலையை 2014 முதல் செய்து வருகிறீர்கள். இங்கிலாந்தில் 2022இல், விழுங்கச் சிரமம் போன்ற அறிகுறி சொல்பவர்களை மருந்துக் கடையிலிருந்தே பரிசோதனைக்கு அனுப்பும் முன்னோட்டத் திட்டத்தை அவர்களுடைய தேசிய மருத்துவச் சேவை அறிவித்தது. அந்த ஊர்க் கடைக்காரரைவிட நீங்கள் உங்கள் வாடிக்கையாளரை நன்றாக அறிந்தவர்கள்.

ஸ்கோப் என்றதும் ஜனங்கள் பயப்படுவார்கள். "தொண்டைக்குள்ள குழாய் விடுவாங்களாமே" என்பார்கள். உங்கள் வாயால் சொன்னால் நம்புவார்கள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஒரு ஸ்பிரே, பத்து நிமிடத்துக்குள் முடியும் வேலை. சந்தேகமான இடத்தில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் சாதம் சாப்பிடலாம். பணம் இல்லை என்பவருக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை மயிலாப்பூரிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது, அங்கே புற்றுநோய்ப் பிரிவே உண்டு. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. கிண்டியில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இருக்கிறது. நோய் உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குக் கைகொடுக்கும். இந்த வழிகளை நீங்கள் ஒரு தாளில் எழுதி பில் மெஷின் பக்கத்தில் ஒட்டி வைக்க முடியும்.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அவரை அதற்குத் தள்ளியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தம் வாழ்நாளையே அங்கே கொடுத்தார்கள். எத்தனை பெரிய கைகள் அங்கே காத்திருந்தாலும் அவர்களிடம் நோயாளி எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதை அவர்கள் தீர்மானிக்க முடியாது. சர்தார் பட்டேல் சாலையின் அந்தக் கேட்டுக்கு அவர் வருமுன் எத்தனை அட்டை வாங்கினார் என்பதில் அது தீர்மானமாகிவிடுகிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், டாக்டர் சீட்டு இல்லாமல், மூன்றாவது வாரமாக அதே அட்டையைக் கேட்டால் பில் போடுவதை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். எவ்வளவு நாளாக இருக்கிறது, விழுங்கும்போது அடைக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, மலம் கறுப்பாகப் போனதா, வீட்டில் யாருக்காவது வயிற்றில் புற்று வந்திருக்கிறதா என்று கேளுங்கள். அடைப்பு, ரத்தம், உடல் மெலிவு இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால் வயது எதுவானாலும், இருபத்தைந்தே ஆனாலும், மாத்திரை கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அந்த வாரமே போகச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வந்தால் "போனீங்களா?" என்று கேளுங்கள். உங்கள் கடையில் புதிதாகச் சேரும் பையனுக்கு அலமாரி எங்கே என்று காட்டும் அன்றே இந்தக் கேள்விகளையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வட்டார மருந்து வணிகர் சங்கக் கூட்டத்தில், விலை, வரி, லைசென்ஸ் பேச்சுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடல் இரைப்பை டாக்டர் ஒருவரை அழைத்து இதைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். இந்த மாதக் கூட்டத்திலேயே அதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மந்தைவெளியிலிருந்து, உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி